லண்டன் கோட்டையும் அதன் பேய்களும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பேயைப் பற்றியதாகும். அதுவும் நம் ஊர்ப் புளியமரத்துப் பேயல்ல. லண்டன் பட்டணத்துக் கோட்டையிலே உலாவுவதாகச் சொல்லப்படும் சீமைப் பேய்கள். இதை ஏன் எடுத்துக்கொண்டோம் என்றால், பேய் பிசாசு என்பது பொய் என்று யாராவது வாய் திறந்தால் போதும், படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் உடனே ஒரு கேள்வி போடுகிறார்கள். "ஐயா, ரயிலும் ஆகாய விமானமும் செய்தவன் வெள்ளைக்காரன். அவனே தன் ராஜாவின் கோட்டையில் பேய் இருக்கிறது என்று புஸ்தகம் எழுதி வைத்திருக்கிறான். நீர் அவனைவிடக் கெட்டிக்காரரோ?" என்கிறார்கள். ஆகவே அவர்கள் காட்டுகிற சாட்சியையே கூண்டில் ஏற்றி விசாரித்துப் பார்ப்போம் என்பதுதான் இன்றைய வேலை.

முதலில் அந்தக் கோட்டையின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1066ஆம் வருஷத்தில் நார்மண்டி தேசத்திலிருந்து படையெடுத்து வந்த வில்லியம் என்பவன் இங்கிலாந்தை ஜெயித்து முடி சூட்டிக்கொண்டான். ஜெயித்தானே ஒழிய, ஜெயிக்கப்பட்ட ஜனங்களிடத்தில் அவனுக்கு நம்பிக்கை உண்டாகவில்லை. லண்டன்வாசிகள் எந்த நிமிஷத்தில் எதிர்த்துக் கிளம்புவார்களோ என்ற பயத்தினால், தேம்ஸ் நதிக்கரையில் 1078 வாக்கில் பெரியதொரு கற்கோபுரத்தைக் கட்ட ஏற்பாடு செய்தான். அந்த வேலையை மேற்பார்த்து நடத்தியவர் ஒரு பாதிரியார் - ராச்செஸ்டர் பிஷப் கண்டல்ப் என்பவர். அதுதான் இன்றைக்கும் நிற்கிற வெள்ளைக் கோபுரம். 90 அடி உயரம். அடிச்சுவரின் கனம் 15 அடி. பின்னால் வந்த ராஜாக்கள் அதைச் சுற்றி மதிலும் அகழியும் போட்டார்கள். அரண்மனை, ஆயுதசாலை, நாணயம் அடிக்கும் சாலை, ராஜ நகைகள் வைக்கும் இடம், சிங்கம் கரடிகளை அடைத்து வைக்கும் இடம், இவற்றோடு சிறைச்சாலை, கொலைக்களம் ஆகிய எல்லாம் அந்த மதிலுக்குள்ளேயே இருந்தன. ஆகவே இந்தக் கோட்டைக்கு அஸ்திவாரம் ராஜாவுக்கு ஜனங்களிடத்தில் இருந்த பயம். அதன் வேலையோ ஜனங்களுக்கு ராஜாவிடத்தில் பயம் உண்டாக்குவது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அங்குள்ள பேய்களுக்குள் தலைமைப் பேய், தலையில்லாத பேயாகிய ஆன் பொலின் ராணி. இந்த அம்மாளின் கதை என்ன? எட்டாம் ஹென்றி என்ற ராஜா தன் முதல் மனைவியைத் தள்ளிவிட்டு இந்த அம்மாளைக் கட்டிக்கொண்டான். 1533ஆம் வருஷம் ஜூன் 1ந் தேதி பட்டாபிஷேகம் நடந்தது. அதற்கு முன் இந்த அம்மாள் தங்கியிருந்தது இதே கோட்டையின் அரண்மனையில்தான். மூன்று வருஷம் ஆவதற்குள், 1536 மே 2ந் தேதி, அதே கோட்டைக்குள் கைதியாகக் கொண்டுவரப்பட்டாள். ஆண் வாரிசு பிறக்கவில்லை. ராஜாவின் கண் வேறொரு பெண்மீது போய்விட்டது. சொந்தச் சகோதரன் உட்பட ஐந்து பேரோடு சோரம் போனாள் என்று குற்றம் கட்டினார்கள். 15ந் தேதி விசாரணை. தலைமை வகித்துத் தண்டனையை வாசித்தவர் யார்? அந்த அம்மாளின் தாய்மாமனாகிய நார்போக் பிரபு! 17ந் தேதி அந்த ஐந்து ஆண்கள் தலையும் போயிற்று. 19ந் தேதி, கலே பட்டணத்திலிருந்து வரவழைத்த வாள்காரனைக்கொண்டு ராணியின் தலையையும் எடுத்தார்கள். சவப்பெட்டி ஒன்றுகூடச் செய்து வைக்காததால், அம்பு போட்டு வைக்கும் பெட்டியில் உடலைக் கிடத்திக் கோட்டையிலிருந்த கோவிலுக்குள் புதைத்தார்கள். பதினோராவது நாள், மே 30ந் தேதி, ராஜா அடுத்த கலியாணத்தைச் செய்துகொண்டான்.

தோழர்களே! இது சரித்திரம். இனிப் பேய்க்கதையைப் பாருங்கள். 1864இல் கோட்டைக்குள் ராணி மாளிகை என்னும் வீட்டருகில் பாராக் கொடுத்த சிப்பாய் ஒருவன் நினைவு தப்பிக் கிடந்தானாம். காவலில் தூங்கினான் என்று ராணுவ விசாரணையில் நிறுத்தினார்களாம். அவன், "நான் தூங்கவில்லை, வெள்ளை உருவம் ஒன்று வந்தது, தொப்பிக்குள் தலையில்லை, துப்பாக்கி ஈட்டியால் குத்தினேன், ஈட்டி அதற்குள்ளே புகுந்து போயிற்று, நான் விழுந்துவிட்டேன்" என்று சொன்னானாம். வேறு சிலரும் அப்படியே சாட்சி சொன்னதால் விடுதலையானானாம்.

பாராக்காரன் தூங்கினால் தண்டனை. பேயைக் கண்டு மூர்ச்சை போட்டால் விடுதலை. இப்படியிருக்க, எந்தப் பாராக்காரன் பேயைக் காணமாட்டான்? இதற்குக்கூட ஒரு யுக்தி வேண்டுமா? அந்தச் சிப்பாயை நாம் குறை சொல்ல வரவில்லை. குளிரிலும் நதிப் பனியிலும் நடுராத்திரியில் தன்னந்தனியே நின்று, இந்த இடத்தில்தான் ராணியின் தலை விழுந்தது என்று தினம் தினம் கேட்டுக் கொண்டிருப்பவனுக்கு, அரைத்தூக்கத்தில் வெள்ளையாய் எது தெரிந்தாலும் ராணியாய்த்தான் தெரியும். ஆனால் அந்த இடமே சரியான இடந்தானா என்று பார்க்க வேண்டாமா? ராணி மாளிகை என்ற அந்த வீடு கட்டப்பட்டது 1540 வாக்கில். அதாவது ராணி செத்து நாலு வருஷத்துக்குப் பிறகு. தலை வெட்டிய இடம் என்று இன்று யாத்திரைக்காரர்களுக்குக் காட்டப்படும் புல்தரையும் சரியல்ல, வெள்ளைக் கோபுரத்துக்கு வடக்கே இருந்த வெளியில்தான் மேடை போட்டிருக்க வேண்டும் என்று சரித்திரக்காரர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆகவே பேய் தான் செத்த இடத்தில் வருவதில்லை. வழிகாட்டி கையை நீட்டிக் காட்டுகிற இடத்தில் வருகிறது!

தவிரவும், இந்த ராணியின் பேய் ஒரு இடத்தோடு நிற்பதில்லை. லண்டன் கோட்டையில் வருகிறது. கெண்ட் ஜில்லாவில் ஹீவர் கோட்டையில் வருகிறது. ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் வருகிறது. நார்போக்கில் பிளிக்லிங் மாளிகைக்கு வருஷந்தோறும் மே 19ந் தேதி இரவு தலையில்லாத குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டியில், தலையை மடிமேல் வைத்துக்கொண்டு வருகிறதாம். அந்தப் பிளிக்லிங் மாளிகையோ 1616க்குப் பிறகு கட்டப்பட்டது. இருந்தபோது ஒரு சிறையைவிட்டு வெளியேற முடியாதவள், செத்த பிறகு நாலு ஊருக்கு ஆஜர் கொடுக்கிறாள் என்றால் நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். இந்த அம்மாள் செத்த காலத்தில் இங்கிலாந்தில் பழைய ஜூலியன் பஞ்சாங்கம் நடந்துவந்தது. 1752இல் பார்லிமெண்டார் அதை மாற்றினார்கள். செப்டம்பர் 2ந் தேதிக்கு மறுநாளை 14ந் தேதி என்று வைத்துக்கொண்டார்கள். இன்றைய கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் அந்த அம்மாள் செத்த நாள் மே 29. அப்படியிருக்க, பேய் மட்டும் இன்னும் மே 19ந் தேதியே வருகிறதென்றால், பார்லிமெண்டு செய்த சட்டம் பேய்க்கும் தபாலில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கின்றோம். ஜேன் கிரே என்ற பெண்ணைக் கேளுங்கள். வயது பதினாறு பதினேழு. மாமனாரின் பேராசையால் 1553இல் ஒன்பது நாள் ராணியாக வைக்கப்பட்டு, 1554 பிப்ரவரி 12ந் தேதி தலை வெட்டப்பட்டாள். இந்தப் பெண்ணின் பேயை 1957ஆம் வருஷம் சரியாய் அதே பிப்ரவரி 12ந் தேதி ஒரு சிப்பாய் கண்டதாகச் சொன்னான். இதுவும் பத்து நாள் முந்தி வந்த பேய்தான். பேய்க்குத் தன் திதி தெரியவில்லை, பார்க்கிறவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது. பேய் எங்கேயிருந்து வருகிறது என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

நிற்க, "படிக்காத சிப்பாய் கிடக்கட்டும், பெரிய உத்தியோகஸ்தர் ஒருவரே கண்டிருக்கிறாரே" என்பார்கள். ராஜ நகைகளுக்குக் காவல் அதிகாரியாயிருந்த ஸ்விப்ட் என்பவரைத்தான் சொல்லுகிறார்கள். 1817 அக்டோபரில் ஒரு நாள் இரவு மனைவி, மகன், மைத்துனி ஆகியவர்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தாராம். கதவு சாத்தி, திரை விட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சம். அப்போது கைப் பருமனுள்ள கண்ணாடிக் குழாய் போன்ற ஒன்று, உள்ளே வெண்மையும் நீலமுமாய்ச் சுழன்றுகொண்டு ஆகாயத்தில் மிதந்து வந்ததாம். மனைவி அலறினாளாம்; இவர் நாற்காலியைத் தூக்கி அடித்தாராம்; மறைந்துவிட்டதாம். சரி, மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் நாலு பேர். மகனும் மைத்துனியும் ஒன்றையும் காணவில்லை என்று அவரே எழுதுகிறார். எழுதியது எப்போது? 1860இல். நாற்பத்துமூன்று வருஷம் கழித்து! நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முந்திய கடனுக்கு இப்படி ஒரு சாட்சி வந்தால் எந்தக் கோர்ட்டாவது டிக்ரி கொடுக்குமா?

அதே காலத்தில் மற்றொரு சிப்பாய், நகை வைத்திருந்த அறையின் கதவிடுக்கிலிருந்து கரடி ஒன்று வருவதைக் கண்டு ஈட்டியால் குத்தி, ஈட்டி கதவில் பாய்ந்துவிட, மயங்கி விழுந்து ஓரிரண்டு நாளில் செத்தான் என்பதும் ஒரு கதை. இதைச் சொல்லுகிறவர்கள் ஒரு சங்கதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் கோட்டைக்குள் மிருகசாலை இருந்தது. 1835இல்தான் அது மூடப்பட்டது. 1811இல் ஹட்சன் பே கம்பெனியார் மூன்றாம் ஜார்ஜ் ராஜாவுக்கு அனுப்பிய நிஜமான பெருங்கரடியே அங்கே உயிரோடு உறுமிக்கொண்டிருந்தது. கரடி உறுமும் மதிலுக்குள் ராத்திரிக் காவல் நிற்பவன் இருட்டில் கரடியைக் காணாமல் ஒட்டகத்தையா காண்பான்?

அடுத்தபடி, எல்லாரும் கண்ணீர் விடும் பேய்கள் இரண்டு. 1483இல் பன்னிரண்டு வயதான ஐந்தாம் எட்வர்டு ராஜாவும், ஒன்பது வயதான அவன் தம்பியும் இந்தக் கோட்டைக்குள் வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய சிற்றப்பன் மூன்றாம் ரிச்சர்டு என்று பெயர் வைத்துக்கொண்டு ராஜாவானான். பிள்ளைகளைப் பிறகு யாரும் காணவில்லை. 1674இல் வெள்ளைக் கோபுரத்தில் மாடிப்படியை இடித்தபோது இரண்டு பிள்ளைகளின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுடையதென்றே வைத்துக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் கோவிலில் வைத்தார்கள். கொன்றது ரிச்சர்டா, அவனுக்குப் பின் பட்டமேறிய ஏழாம் ஹென்றியா, அல்லது வேறொருவனா என்று ஐந்நூறு வருஷமாகப் பண்டிதர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு பேயாய் வந்து நிற்கின்றனவாம், பிறகு மறைந்துவிடுகின்றனவாம். நாம் கேட்கிறது ஒன்றே ஒன்று. வந்ததுதான் வந்தார்களே, தங்களைக் கொன்றவன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? ஒருவருக்கும் தெரியாத சேதி ஒன்றைக்கூட இந்தக் கோட்டைப் பேய்களில் ஒன்றும் இதுவரை சொன்னதில்லை. பார்க்கிறவனுக்குத் தெரிந்த அளவுதான் பேய்க்கும் தெரிகிறது. ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நிற்கும் தோற்றம் மட்டும் எங்கிருந்து வந்தது? 1830இல் டெலரோஷ் என்ற பிரெஞ்சு ஓவியரும், 1878இல் மில்லே என்ற இங்கிலீஷ் ஓவியரும் எழுதிய படங்கள் பிரசித்தமானவை. அந்தப் படத்தில் எப்படி நிற்கிறார்களோ, பேயும் அப்படியே நிற்கிறது.

இந்தப் பேய்களுக்கு எல்லாம் யவ்வனம் வந்தது 19ஆம் நூற்றாண்டிலேதான். 1840இல் ஐன்ஸ்வொர்த் என்பவர் இந்தக் கோட்டையை வைத்து நாவல் ஒன்று எழுதினார். அது ஊரெல்லாம் பரவிற்று. கோட்டையைக் காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்கள் தொகை அந்த நூற்றாண்டின் கடைசியில் வருஷத்துக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டிற்று. 2019இல் சுமார் முப்பது லட்சம். வெறுங்கல்லைக் காட்டினால் எத்தனை பேர் வருவார்கள்? ஆகவே பேய்க்கும் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

அண்டங்காக்கை விஷயமும் இப்படித்தான். கோட்டையில் ஆறு அண்டங்காக்கைகள் இல்லாமல் போனால் ராஜ்யமே விழுந்துவிடும் என்றும், இது இரண்டாம் சார்லஸ் ராஜா காலத்து ஐதீகம் என்றும் சொல்லிக்கொள்ளுகிறார்கள். பழைய தஸ்தாவேஜுகளைத் தேடிப் பார்த்ததில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் அங்கே காக்கை வளர்த்ததாகக் குறிப்பே அகப்படவில்லை. ராஜ்யத்தைக் காக்கிற அந்தத் தெய்வீகப் பறவைகள் ஓடிப்போகாதபடி இறகைக் கத்தரித்து வைக்கிறார்கள்! இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியர் போட்ட குண்டுகளில் அநேகமாய் எல்லாக் காக்கைகளும் செத்தும் தொலைந்தும் போயின. ராஜ்யம் விழவில்லை; யுத்தத்தில் ஜெயித்தது. 1946 ஜனவரியில் கோட்டையைத் திறப்பதற்குள் புதுக் காக்கைகளைக் கொண்டுவந்து நிரப்பி வைத்தார்கள். காக்கைகள் எல்லாம் சரியாய் இருக்கும்போதே 1947இல் இந்தியா போயிற்று. 1948இல் பர்மாவும் இலங்கையும் போயின. சாம்ராஜ்யத்துக்கும் காக்கைக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்.

தோழர்களே! இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனிச் சொல்லப்போவது சிரிப்பதற்கல்ல.

அநியாயமாய்ச் செத்தவர்கள் பேயாய் வருவார்கள் என்பது உண்மையானால், இந்தக் கோட்டையில் பேய்க்கூட்டம் எப்படி இருக்க வேண்டும்? 1278இல் முதலாம் எட்வர்டு ராஜா காசை வெட்டிச் சுரண்டினார்கள் என்று குற்றம் சாட்டி சுமார் 600 யூதர்களைப் பிடித்து இந்தக் கோட்டையில் அடைத்தான். அவர்களில் 260 பேருக்கு மேல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். மிஞ்சிய யூதர்களை எல்லாம் 1290இல் தேசத்தைவிட்டே துரத்தினான். அந்த 260 பேரில் ஒருவனுடைய பேயாவது பிரசித்தமாயிருக்கிறதா? 1743இல் ஹைலண்டர் பட்டாளத்துச் சிப்பாய்கள், தங்களைக் கடல் கடந்த தேசத்துக்கு ஏமாற்றி அனுப்பப் போகிறார்கள் என்று அஞ்சி ஊருக்குத் திரும்பிப் புறப்பட்டார்கள். அதற்காக மூன்று பேரை இந்தக் கோட்டைக்குள் சுட்டுக் கொன்றார்கள். அந்த மூன்று ஏழைகளைப் பற்றி எந்த வழிகாட்டி கண்ணீர் விடுகிறான்?

ஆன் அஸ்க்யூ என்று ஒரு பெண், இருபத்தைந்து வயது. பூசையில் வைக்கும் அப்பம் அப்பமேயொழிய அது கடவுளின் மாம்சமாக மாறுவதில்லை என்று சொன்னாள். இதுதான் குற்றம். 1546இல் அவளை இந்தக் கோட்டையில் கைகால்களைக் கட்டி இழுக்கும் சித்திரவதைப் பலகையில் கிடத்தினார்கள். கூட்டாளிகளின் பெயரைச் சொல்லச் சொல்லி, ராஜாவின் பிரதம நீதி அதிகாரியான லார்டு சான்சலரே தன் சொந்தக் கையால் அந்த யந்திரத்தைத் திருகினான். அவள் ஒரு பெயரையும் சொல்லவில்லை. நடக்க முடியாமற்போன அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய், ஜூலை 16ந் தேதி ஸ்மித்பீல்டு சந்தை வெளியில் உயிரோடு கொளுத்தினார்கள். தலையில்லாத ராணியை உலகமெல்லாம் அறியும். இந்தப் பெண்ணை எத்தனை பேர் அறிவார்கள்?

பேயாவதற்கும் பட்டம் பதவி வேண்டியிருக்கிறது, தோழர்களே! ராணிக்குப் பேய் உண்டு. ராஜகுமாரனுக்குப் பேய் உண்டு. சாலிஸ்பரி சீமாட்டி மார்கரெட்டுக்குப் பேய் உண்டு. இந்தச் சீமாட்டியின் சங்கதியையே பாருங்கள். வயது 67. அவளுடைய மகன் ராஜாவுக்கு விரோதமாய்ப் போப்பின் பக்கம் சேர்ந்து வெளிநாட்டில் இருந்தான். மகன் கைக்கு அகப்படாததால் தாயைப் பிடித்தார்கள். விசாரணையே இல்லாமல், பார்லிமெண்டில் ஒரு சட்டம் செய்து குற்றவாளி என்று தீர்த்து, 1541 மே 27ந் தேதி வெட்டினார்கள். வெட்டியவன் பழக்கமில்லாத பையன். தலையிலும் தோளிலுமாகக் கொத்திவிட்டான். இப்போது சொல்லுகிற கதை என்ன? கிழவி மேடையைச் சுற்றி ஓடினாளாம், அவள் பேய் வருஷந்தோறும் அப்படியே அலறிக்கொண்டு ஓடுகிறதாம். கேட்கிறவனுக்கு எதில் பயம் உண்டாகிறது? அந்தக் கிழவியிடத்தில்! விசாரணையின்றி ஒரு கிழவியை வெட்டச் சட்டம் செய்த பார்லிமெண்டிடத்தில் அல்ல. அதைச் செய்யச் சொன்ன ராஜாவிடத்தில் அல்ல. எட்டாம் ஹென்றி சங்கதியைக் கேட்டுவிட்டு ராத்திரி தூங்காமல் விழித்திருப்பவன் ஒருவனும் இல்லை. அவன் கொன்ற பெண்களை நினைத்தே கதவைத் தாழிட்டுக்கொள்ளுகிறான். கொன்றவன் படம் சுவரில் மரியாதையாய்த் தொங்குகிறது, கொல்லப்பட்டவள் பிசாசாகிவிட்டாள். இதுதான் இந்தக் கதைகள் செய்கிற வேலை.

அந்தக் கோட்டையிலிருக்கும் நகைகளுக்குள் நம் தேசத்துக் கோகினூர் வைரமும் இருக்கிறது. அதற்கும் ஒரு சாபக்கதை கட்டியிருக்கிறார்கள். ஆண்பிள்ளை அணிந்தால் ஆகாதாம், பெண்பிள்ளை அணிந்தால் தோஷமில்லையாம். ஆகவே ராணிகள் முடியிலேயே பதித்து வந்து, 1937இல் செய்த முடியில் இன்றும் இருக்கிறது. அது யாருடையது, எப்படி அங்கே போயிற்று? 1849இல் பஞ்சாபைப் பிடித்தபோது, பத்து வயதுப் பையனாகிய துலீப் சிங் மகாராஜாவிடம் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கி எடுத்துப் போனார்கள். இதைக் கேட்கவேண்டிய இடத்தில் சாபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேய்க்கதை கொலையை மறைக்கிறது. சாபக்கதை பறித்ததை மறைக்கிறது. இரண்டும் ஒரே சரக்குத்தான்.

ஆகவே, இனி எந்த ஊர்ப் பேய்க்கதையைக் கேட்டாலும், கேட்டு நடுங்குவதற்கு முன் சில கேள்விகள் கேட்டுப் பழகுங்கள். கண்டவன் யார்? கண்டதை எத்தனை வருஷம் கழித்துச் சொன்னான்? சொன்னதனால் அவனுக்கு என்ன லாபம்? கூட இருந்தவர்கள் கண்டார்களா? ஒருவருக்கும் தெரியாத ஒன்றைப் பேய் சொல்லிற்றா? இவ்வளவும் கேட்ட பிறகு, கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வியைக் கேளுங்கள்: செத்தவள் எப்படிச் செத்தாள், அவளைச் சாகடித்தவன் யார்? கிணற்றில் விழுந்தவள் பேயாய் வந்தாள் என்று ஒருவன் சொன்னால், அவளைக் கிணற்றில் விழும்படி செய்தவன் எந்த வீட்டில் சௌக்கியமாய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பிறக்கிற இடத்தில் பேய் நிற்காது.

லண்டன் கோட்டையில் தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் நடந்த அக்கிரமங்களில் ஒன்றைக்கூடச் செத்தவர்கள் செய்யவில்லை. அவ்வளவும் உயிரோடிருந்தவர்கள், பகல் வெளிச்சத்தில், சட்டத்தின் பேராலும் கடவுளின் பேராலும், முத்திரை போட்டுச் செய்தவை. ஆதலால் செத்தவர்களுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டு, உயிரோடிருக்கிறவர்கள் கையில் கேள்வி கேட்பாரற்ற அதிகாரம் சேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் நமது பேச்சை முடித்துக்கொள்ளுகின்றோம்.